மும்பையில் கமர்ஷியல் போட்டோகிராபர் ஆவது: எந்த வழியாக வந்தீர்கள், பிழைப்பு எப்படி?

#1 டோம்பிவிலி செல்வி

எல்லாருக்கும் வணக்கம். தம்பிக்காகக் கேட்கிறேன். பாளையங்கோட்டையில் விஸ்காம் முடித்துவிட்டு ஊரிலேயே ஒரு கல்யாண ஸ்டூடியோவில் வேலை பார்க்கிறான். கை நன்றாகவே வந்துவிட்டது. இப்போது கல்யாணம் போதும், விளம்பரப் படம்தான் எடுப்பேன், மும்பைக்கு வருகிறேன் என்று நிற்கிறான். தங்க எங்கள் வீடு இருக்கிறது, சாப்பாட்டுக்கும் குறை இல்லை. ஆனால் வெளிநாட்டில் ஒரு கோர்ஸ் படித்தால்தான் மும்பையில் உள்ளே விடுவார்கள் என்று யாரோ சொல்லி, அப்பா வயலை விற்கும் யோசனையில் இருக்கிறார்.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லாரும் பெரிய படிப்பு படித்துத்தான் வந்தார்களா? மாதாமாதம் பணம் வருமா? தெரிந்தவர்கள் விவரமாகச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

#2 தாராவி 90 அடி

அக்கா, முதலில் அப்பாவிடம் வயலை விற்க வேண்டாம் என்று சொல்லுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

நான் எடுப்பது பொருட்கள்: பாட்டில், பாத்திரம், செருப்பு, வாட்ச். அப்பாவுக்கு இங்கே தாராவியில் தோல் பட்டறை. ஏற்றுமதிக்கு பெல்ட், பர்ஸ் எல்லாம் படம் எடுக்க ஒரு போட்டோகிராபர் வந்தார். அவருக்கு ஸ்டாண்டு பிடிக்கப் போனவன் அப்படியே அவரோடு போய்விட்டேன். என் படிப்பு பி.காம்.

பின்னணி என்று கேட்டீர்கள். இந்த ஊரில் ஒரே செட்டில் நின்றவர்களைச் சொல்கிறேன்: ஒருவர் ஜே.ஜே. அப்ளைடு ஆர்ட் கல்லூரியில் படித்தவர், ஒருவர் கப்பலில் இன்ஜினியராக இருந்து கரைக்கு வந்தவர், ஒருவர் ஸ்டூடியோவில் டீ வாங்கித் தரச் சேர்ந்து இன்று சொந்தமாக நகைப் படம் எடுப்பவர். பெயர் பெற்றவர்களிலும் இப்படித்தான். பிரபுத்த தாஸ்குப்தா விளம்பர ஏஜென்சியில் விளம்பர வாசகம் எழுதிக்கொண்டிருந்தவர். போட்டோகிராபியைத் தானாகவே கற்றுக்கொண்டார். அதுல் கஸ்பேகர் இங்கே கெமிக்கல் இன்ஜினியரிங்கைப் பாதியில் விட்டுவிட்டு அமெரிக்காவில் ப்ரூக்ஸ் இன்ஸ்டிடியூட்டுக்குப் போனார். நடிகைகளின் முகங்களுக்குப் பேர்போன கௌதம் ராஜாத்யக்ஷா ஸேவியர்ஸ் கல்லூரியில் படித்துவிட்டு லின்டாஸ் ஏஜென்சியில் வேலை பார்த்தவர். மூவரும் மூன்று திசை.

இவர்கள் எல்லாருக்கும் கிடைத்த ஒன்று, விளம்பரம் எப்படித் தயாராகிறது என்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கும் வாய்ப்பு. அதைக் காசு கொடுக்காமல் பெறும் வழி அசிஸ்டன்ட் வேலைதான். செட்டில் கடைசி அசிஸ்டன்ட் கேபிள் சுருட்டுவான், மணல் மூட்டை வைப்பான், தெர்மாகோல் வெட்டுவான். அடுத்தவன் லைட்டை ஏற்றி இறக்குவான். ஃபர்ஸ்ட் அசிஸ்டன்ட் என்பவன் போட்டோகிராபர் வாயைத் திறப்பதற்கு முன்பே எந்த லைட் எங்கே போகும் என்று தெரிந்தவன். அவனுக்குத்தான் வாடகைக்கடையோடு பேச்சு, மெமரி கார்டு பொறுப்பு, ஹார்ட் டிஸ்கில் இரண்டு இடத்தில் நகல் எடுக்கும் பொறுப்பு எல்லாம். கீழிருந்து அந்த இடத்துக்கு வருவதற்குள் ஒருவனுக்குக் கண் திறந்துவிடும். திறக்கவில்லை என்றால் அதுவும் தெரிந்துவிடும். வயல் தப்பித்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

#3 மாட்டுங்கா பெரியவர்

நான் ஒரு விளம்பர ஏஜென்சியில் பிரின்ட் புரொடக்ஷன் பார்த்து ஓய்வு பெற்றவன். பழைய கதை கொஞ்சம் சொல்கிறேன், தம்பிக்குப் பயன்படும்.

இந்தத் தொழிலுக்கு இந்த ஊரில் அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் மித்தர் பேடி. 1926-இல் லாகூரில் பிறந்தவர். பம்பாயில் கல்யாணம், விழா என்று எடுத்துக்கொண்டிருந்தவர்தான். 1959-இல் எஃகு, எண்ணெய் ஆலைகளைப் படம் எடுக்கும் ஆர்தர் டார்சியன் என்ற அமெரிக்கரைச் சந்தித்த பிறகு தொழிற்சாலைப் பக்கம் திரும்பினார். சுதந்திரத்துக்குப் பின் எழுந்த ஆலைகள், அணைகள், சுத்திகரிப்பு நிலையங்கள் என்று நம் மனதில் இருக்கும் காட்சிகளில் பல அவருடைய கேமரா வழியாக வந்தவை. 1985-இல் காலமானார். செல்வி அம்மா, உங்கள் தம்பி கல்யாண ஸ்டூடியோவில் இருக்கிறான் என்று தாழ்வாக நினைக்க வேண்டாம். கூட்டத்துக்கு நடுவே, வெளிச்சம் கைவிட்ட நேரத்தில், திரும்ப வராத கணத்தை எடுத்துப் பழகியவனுக்கு ஒரு தைரியம் இருக்கும். ஸ்டூடியோவிலேயே வளர்ந்த பையன்களுக்கு அது குறைவு.

பிலிம் காலத்தில் வேலை வேறு மாதிரி நடக்கும். டிரான்ஸ்பரன்சி பிலிமில், அதாவது ஸ்லைடு பிலிமில், வெளிச்சம் கொஞ்சம் தவறினாலும் கண்ணுக்குத் தெரியும். முதலில் மீட்டரில் அளப்பார்கள், அப்புறம் போலராய்டில் ஒரு சோதனைப் படம். அந்தச் சின்னப் படத்தைச் சுற்றி நின்று ஏஜென்சி ஆள், கம்பெனி ஆள், போட்டோகிராபர் மூவரும் பேசி முடிவு செய்வார்கள். பிறகுதான் உண்மையான பிலிம். லேபில் ரோலின் நுனியை மட்டும் வெட்டிக் கழுவிப் பார்ப்பார்கள், கிளிப் டெஸ்ட் என்று பெயர். அதைப் பார்த்து மீதியைக் கூட்டிக் குறைத்துக் கழுவச் சொல்வார் போட்டோகிராபர். அன்று இரவு அவருக்குத் தூக்கம் கிடையாது.

டிஜிட்டல் வந்த பிறகு கேமராவிலிருந்து கேபிள் போட்டு மானிட்டரில் படம் உடனே விழுகிறது. இரவு பயம் போனது நல்லதுதான். ஆனால் மானிட்டர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு கருத்து வந்துவிட்டது. கமர்ஷியல் போட்டோகிராபரின் திறமையில் பாதி இப்போது அங்கேதான் செலவாகிறது: யார் சொல்வதைக் கேட்பது, யார் சொல்வதை மரியாதையாகத் தள்ளுவது. இதை எந்தக் கல்லூரியிலும் கற்றுத்தருவதாக எனக்குத் தெரியவில்லை.

#4 ஊட்டி குளிர்

பெரியவர் சொன்னதை மதிக்கிறேன். ஆனால் படிப்பே வேண்டாம் என்ற தொனியில் இந்த இழை போவது சரியில்லை.

நான் ஊட்டியில் லைட் அண்ட் லைஃப் அகாடமியில் படித்தவன். இக்பால் முகமது என்ற விளம்பரப் போட்டோகிராபரும் அவர் துணைவியார் அனுராதாவும் 2001-இல் தொடங்கியது. எனக்கு அங்கே கிடைத்தது டிகிரி அல்ல, தவறு செய்ய அனுமதி. ஒரு கண்ணாடிக் குவளையை ஒரு வாரம் எடுக்கலாம், யாரும் வாடகை மீட்டரைப் பார்க்க மாட்டார்கள். அசிஸ்டன்டாக நிற்கும்போது பார்க்கலாம், தொட முடியாது. ஒளி ஏன் அப்படி விழுகிறது என்று கேட்டால் பதில் சொல்ல அங்கே யாருக்கும் நேரம் இருக்காது. தாராவி அண்ணன் சொல்லும் வழியில் வந்த பலர், தங்கள் குரு வைத்த லைட்டை அப்படியே வைப்பார்கள். பொருள் மாறினால் தடுமாறுவார்கள்.

வெளிநாட்டுப் படிப்பு என்று பிடிவாதம் வேண்டாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அண்ணன் சொன்ன அந்த ப்ரூக்ஸ் இன்ஸ்டிடியூட்டே 2016-இல் மூடப்பட்டுவிட்டது. நம் நாட்டிலேயே ஊட்டி இருக்கிறது, தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்.ஐ.டி.யின் காந்திநகர் வளாகத்தில் போட்டோகிராபி டிசைன் முதுகலை இருக்கிறது, ஜே.ஜே.யில் அப்ளைடு ஆர்ட்டில் போட்டோகிராபி ஒரு பிரிவாக இருக்கிறது.

#5 தாராவி 90 அடி

ஊட்டி குளிர் எழுதியது: "தொட முடியாது"

தம்பி, இது ஆசானைப் பொறுத்தது. என் ஆசான் படம் எடுத்து முடித்த பிறகு ஸ்டூடியோ ஷிப்டில் மிச்சம் இருக்கும் நேரத்தை எங்களுக்கு விட்டுவிடுவார். லைட் எல்லாம் அப்படியே நிற்கும், போய் விளையாடு என்பார். ஆனால் எல்லாரும் அப்படி இல்லை என்பது உண்மை. பல மாதம் சம்பளமே தராமல் "கற்றுக்கொள்கிறாய் இல்லையா" என்று சொல்லி வேலை வாங்குகிறவர்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள். அங்கே ஒரு நாளும் நிற்காதே என்று செல்வி அக்கா தம்பியிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். செட்டில் ஆறடி தெர்மாகோலைப் பிடித்து நிற்பது வேலை. வேலைக்குக் கூலி உண்டு.

ஒளி ஏன் அப்படி விழுகிறது என்ற கேள்விக்கு வருகிறேன், அதுதான் எனக்குப் பிடித்த பேச்சு. எவர்சில்வர் டம்ளர் டவரா ஒன்றைப் படம் எடுக்க வேண்டும் என்று வையுங்கள். மெருகேற்றிய எவர்சில்வருக்குச் சொந்த முகம் கிடையாது. அறையில் என்ன இருக்கிறதோ அதைத்தான் காட்டும்: டியூப்லைட், ஜன்னல், கேமரா, உங்கள் சட்டை. போலரைசர் ஃபில்டர் போட்டால் போய்விடும் என்று புதியவர்கள் நினைப்பார்கள். கண்ணாடி, தண்ணீர், வார்னிஷ் மேல் விழும் பளபளப்பை அது குறைக்கும். உலோகத்தில் அந்த ஃபில்டரை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் ஆகாது.

ஆகவே டம்ளரைச் சுற்றி டிரேசிங் பேப்பரை வளைத்துச் சுவர் கட்டுகிறோம். கேமராவுக்கு ஒரு ஓட்டை மட்டும். லைட் பேப்பருக்கு வெளியே. அதைப் பேப்பருக்கு நடுவில் நேராக வைத்தால் டம்ளர் முழுவதும் வெள்ளையடித்தது போல் தட்டையாகிவிடும். ஒரு ஓரமாகத் தள்ளிச் சாய்த்தால், பேப்பரின் ஒரு பக்கம் பளிச்சென்றும் மறுபக்கம் போகப் போக மங்கியும் இருக்கும். அந்த மங்கல்தான் டம்ளரின் உருண்டையைக் கண்ணுக்குச் சொல்கிறது. பின்னணியும் வெள்ளை என்றால் டம்ளரின் விளிம்பு காணாமல் போகும். அப்போது இரண்டு பக்கமும் கேமரா கண்ணுக்குப் படாத இடத்தில் விரல் அகலத்துக்குக் கறுப்புப் பேப்பர் நிறுத்துகிறோம். விளிம்பில் மெல்லிய கறுப்புக் கோடு விழும், டம்ளர் தனியாக நிற்கும். அந்தப் பேப்பர் ஒரு இழை உள்ளே வந்தாலும் அசிங்கமாக இருக்கும், ஒரு இழை வெளியே போனாலும் விளிம்பு கரையும். இதற்கு அரை நாள் போவது சாதாரணம். கேமரா தூரத்தில், நீளமான லென்ஸில். டம்ளரில் தெரியும் கேமராவின் புள்ளியை ரீடச்சில், அதாவது கணினியில் படத்தைத் திருத்தும்போது, எடுப்பார்கள்.

செட்டில் எல்லாரும் கறுப்புச் சட்டை போடுவது ஏன் என்று ஒருவர் என்னிடம் கேட்டிருக்கிறார். காரணம் இந்த டம்ளர்தான்.

#6 அந்தேரி லைட்ஸ்

கல்யாண ஸ்டூடியோ பையன் என்றால் முதுகு பழகியிருக்கும். அது பெரிய தகுதி. நான் வாடகைக் கடையில் லைட் ஆள். ஃபிளாஷுக்கு மின்சாரம் தரும் பவர் பேக் ஒன்று, ஃபிளாஷ் விளக்கான ஹெட் நாலு, ஸ்டாண்டுகள் என்று லிஃப்ட் இல்லாத பழைய மில் கட்டிடத்தில் மூன்றாவது மாடிக்கு ஏற்றுவதிலிருந்துதான் எங்கள் காலை தொடங்கும். சின்ன வேலைக்கு டெம்போவுக்குக் காசு ஒதுக்க மாட்டார்கள். லோக்கலில் லக்கேஜ் பெட்டியில் மீன் கூடைகளுக்கு நடுவே லைட் பையைக் கட்டிப்பிடித்து நிற்க வேண்டும். மழைக்காலத்தில் இன்னும் கஷ்டம். ஜூன் வந்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும், சிலிக்கா ஜெல் போட்டு மூடிய டப்பாவில் வையுங்கள். ஈரக்கையோடு பவர் பேக்கைத் தொடாதீர்கள், அதற்குள் உயிரைக் குடிக்கும் மின்சாரம் தேங்கி நிற்கும்.

#7 சயான் தேவி

பதில் சொல்பவர்கள் எல்லாரும் ஆண்களாகவே இருக்கிறார்கள், நானும் வருகிறேன். உணவு ஸ்டைலிங்கில் ஆரம்பித்து இப்போது உணவுப் படங்களை நானே எடுக்கிறேன். அம்மா இங்கே மெஸ் நடத்தினார். பண்டத்தின் நிறம் எந்த நிமிடம் மாறும் என்பது எனக்கு அடுப்படியில் கிடைத்த படிப்பு.

உணவுப் படம் என்றாலே எல்லாம் பொய், ஷேவிங் கிரீம் என்று பேசுவார்கள். விற்கிற பொருள் எதுவோ அது உண்மையாக இருக்க வேண்டும் என்பதுதான் நான் வேலை பார்த்த செட்டுகளில் முறை. காபித்தூள் விளம்பரத்தில் காபி நிஜம். டவரா விளம்பரம் என்றால் உள்ளே இருக்கும் நுரையைச் சோப்பு நுரையால் தாங்கிப் பிடிக்கலாம், ஏனென்றால் விற்பது டவரா. குளிர்பானப் பாட்டிலின் மேல் நிற்கும் துளிகள் கிளிசரின் கலந்த தண்ணீர், வெறும் தண்ணீர் வழிந்து ஓடிவிடும். ஐஸ் கட்டி பெரும்பாலும் அக்ரிலிக்.

தோசை எனக்கு மிகவும் கஷ்டமான பொருள். கல்லிலிருந்து எடுத்த கொஞ்ச நேரத்தில் மொறுமொறுப்புத் தளர்ந்து நடுவில் குழியும். அதனால் முதலில் ஒரு டம்மி தோசையை வைத்து லைட், கோணம் எல்லாம் முடித்துவிடுவோம். அடுத்த அறையில் மாஸ்டர் வரிசையாக வார்த்துக்கொண்டிருப்பார். நல்லதாக அமைந்த ஒன்றை 'ஹீரோ' என்போம். அது தட்டுக்கு வந்ததும் செட்டில் யாரும் பேசக்கூடாது.

பெண்களுக்கு இந்த வேலை எப்படி என்று யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். பெரிய ஸ்டூடியோக்களில் பிரச்சினை குறைவு. தொழிற்சாலை, குடோன் ஷூட்டுகளில் கழிவறை இருக்குமா, ராத்திரி எத்தனை மணிக்கு விடுவார்கள், வண்டி யார் பொறுப்பு என்று முதல் நாளே எழுத்தில் கேட்டு வாங்குவேன். கேட்டால் வேலை போய்விடும் என்று பயமுறுத்துவார்கள். கேட்டதற்காகப் போன வேலைகள் சில உண்டு. அவை போனதே நல்லது.

#8 ஊட்டி குளிர்

தேவி அக்கா, தோசைக் கதை அருமை. லைட்டைப் பின்னாலிருந்து வைப்பீர்களா?

#9 சயான் தேவி

ஆமாம், பின் பக்கவாட்டில் தாழ்வாக. அப்போதுதான் வளையம் வளையமாக இருக்கும் கோடுகள் நிழல் வாங்கித் தெரியும். முன்னாலிருந்து அடித்தால் தோசை காகிதமாகிவிடும்.

#10 பிவண்டி கேட்டலாக்

இங்கே எல்லாரும் கலையைப் பற்றிப் பேசுகிறீர்கள். இந்த ஊரில் புதிதாக வருகிறவனுக்கு முதலில் கிடைக்கும் வேலை ஆன்லைன் கடைகளுக்கான கேட்டலாக்தான், அதைப் பற்றியும் தெரிந்திருக்கட்டும்.

குடோனிலேயே ஸ்டூடியோ. லைட் தரையில் டேப் ஒட்டிய இடத்தில் நிற்கும், மாதக்கணக்கில் நகராது. காலையில் குர்தா கட்டு வரும், சாயங்காலம் பெட்ஷீட் கட்டு வரும். முன், பின், பக்கம், துணியின் நெய்வு, லேபிள் என்று ஒவ்வொன்றுக்கும் வரிசை. அமேசானில் முதல் படத்துக்குப் பின்னணி சுத்த வெள்ளை, அதாவது சிவப்பு, பச்சை, நீலம் (ஆர்.ஜி.பி.) மூன்றும் உச்ச அளவான 255. பொருள் படத்தின் பரப்பில் 85 சதவீதம் நிரப்ப வேண்டும். இதில் கற்பனைக்கு இடமில்லை. ஆனால் மாதச் சம்பளம் ஒன்றாம் தேதி வரும். செல்வி அக்கா கேட்ட 'மாதாமாதம் பணம்' உள்ள இடம் இதுதான். நிறத்தைச் சரியாகப் பிடிக்கும் ஒழுக்கமும் இங்கேதான் வரும். சிவப்புக்கும் மெரூனுக்கும் வித்தியாசம் தவறினால் துணி திரும்பி வந்து குடோனில் குவியும்.

கவலை என்னவென்றால், எங்கள் இடத்தில் மாடல் வரும் நாட்கள் குறைந்துகொண்டே வருகின்றன. துணியைப் பொம்மைக்கு மாட்டி எடுத்துக் கொடு, ஆளை ஏ.ஐ. போட்டுக்கொள்ளும் என்கிறார்கள். மாடல் இல்லையென்றால் மேக்கப் ஆள் இல்லை, ஹேர் ஆள் இல்லை, அயர்ன் போடும் பையனுக்கும் பாதி நாள்தான். தம்பி கேட்டலாக்கில் நுழையலாம், அங்கேயே தங்கிவிடுவேன் என்று நினைக்க வேண்டாம்.

#11 கல்யாண் கலர்

ரீடச்சர் பேசுகிறேன். பிவண்டி நண்பர் சொன்ன பயம் எங்களுக்கும் இருக்கிறது. கம்பியை அழி, முடியைச் சரிசெய் என்ற வேலைகளை இப்போது மென்பொருளே செய்துவிடுகிறது. இன்னும் கையில் இருப்பது அச்சுதான். திரையில் அழகாக இருக்கும் கருநீலம் செய்தித்தாளில் கறுப்புச் சேறாகிவிடும். ஒவ்வொரு மைக்கும் உச்சம் 100 என்றால், அந்தத் தாள் நான்கு மைகளும் சேர்ந்து 240 சதவீதம் வரைதான் தாங்கும் என்ற கணக்கில்தான் வேலை செய்கிறோம். இது தெரிந்த போட்டோகிராபர் நிழலை அளவாக வைத்துக்கொண்டே எடுப்பார். அவருக்கு வேலை செய்வது சந்தோஷம்.

#12 முலுண்டு கணக்கு

நான் ஆடிட்டர். என்னிடம் வரும் போட்டோகிராபர்களுக்குப் படத்தில் பிரச்சினை இல்லை, பணத்தில்தான். தம்பி சொந்தமாகத் தொடங்கும் காலத்துக்காகச் சொல்லி வைக்கிறேன்.

வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும், வரி 18 சதவீதம். வலி எங்கே என்றால், பில் போட்டுவிட்டால் கிளையன்ட் பணம் தந்தாரா இல்லையா என்று அரசு பார்க்காது. மாதாமாதம் தாக்கல் செய்கிறவர் அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். ஏஜென்சி மூன்று மாதம், நான்கு மாதம் இழுக்கும். அதுவரை நூற்றுக்கு 18 ரூபாய் உங்கள் கைக்காசு. மேலும் டி.டி.எஸ்., அதாவது உங்கள் பெயரில் கட்ட வேண்டிய வருமானவரியை, பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். பிடித்ததைக் கட்டினார்களா என்று வருமானவரித் துறையின் தளத்தில் பார்க்க வேண்டும்.

இதற்கு மருந்து இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் தளத்தில் இலவசமாகப் பதிவு செய்யலாம். 2006-ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்திடம் வேலை வாங்கியவர் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்தே இல்லை என்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கில், மாதாமாதம் கூட்டு வட்டி. புகாரை இதற்கான அரசு இணையதளத்தில் பதியலாம். 2024 ஏப்ரலிலிருந்து இன்னொன்று: 1961-ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவாக வந்த விதியால், அந்தக் கெடுவுக்குள் தராத தொகையைக் கம்பெனி கொடுத்த பிறகுதான் செலவாகக் காட்ட முடியும். இதனால் மார்ச் மாதத்தில் பழைய பாக்கிகள் வசூலானதை நானே பார்த்தேன். முக்கியம், பதிவை வேலைக்கு முன்பே செய்து வையுங்கள். பில்லில் உத்யம் எண்ணை அச்சிடுங்கள்.

#13 ஊட்டி குளிர்

பணத்தோடு உரிமையையும் பேச வேண்டும். எடுத்தவருக்கே காப்பிரைட் என்பதால் கிளையன்ட் வேறு இடத்தில் போட்டால் மறுபடியும் கேட்கலாம், இல்லையா?

#14 முலுண்டு கணக்கு

இல்லை தம்பி, இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 1957-ஆம் ஆண்டு காப்பிரைட் சட்டத்தில் படத்தின் ஆசிரியர், அதாவது படைத்தவர், எடுத்தவர்தான். ஆனால் 17-ஆம் பிரிவின் (பி) உட்பிரிவைப் பாருங்கள். ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டு எடுத்த புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவரே. சம்பளத்துக்கு வேலை செய்பவர் எடுத்தால் (சி) உட்பிரிவு, அங்கேயும் பொதுவாக முதலாளிக்கே.

ஆகவே 'வேறு ஒப்பந்தம்' என்ற அந்த இரண்டு சொல்லில்தான் தொழிலே இருக்கிறது. கோட்டேஷனில் உரிமை என்னிடமே, இந்தப் படங்களை இன்ன ஊடகத்தில், இன்ன நாட்டில், இத்தனை காலம் பயன்படுத்த அனுமதி என்று எழுதி, அதற்குக் கிளையன்டிடம் ஒப்புதல் வாங்கிவிட்டால் நிலைமை தலைகீழ். உரிமையை எழுதிக் கொடுக்கும்போதும் கவனம்: காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று 19-ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். அதனால்தான் பெரிய கம்பெனிகள் 'உலகம் முழுவதும், என்றென்றும்' என்று அச்சடித்த தாளை நீட்டுகின்றன. கையெழுத்துப் போடுமுன் அதற்குத் தனி விலை கேளுங்கள்.

#15 தாராவி 90 அடி

ஆடிட்டர் அண்ணாச்சி சொன்னதற்கு என் அனுபவம். ஒரு பாத்திரக் கம்பெனிக்கு டீலர் புத்தகத்துக்கு என்று படம் எடுத்துக் கொடுத்தேன். விலையும் புத்தகத்துக்கான விலைதான். சில மாதம் கழித்து ஹைவேயில் நாற்பதடி ஹோர்டிங்கில் அதே படம். கேட்டபோது பணம் கொடுத்தோமே என்றார்கள். கோட்டேஷனில் 'டீலர் புத்தகம், ஒரு வருடம், உரிமை போட்டோகிராபருடையது' என்று எழுதி அவர்களிடம் ஒப்புதல் மெயில் வாங்கியிருந்தேன். அந்த மெயிலைத் திருப்பி அனுப்பினேன், ஹோர்டிங்குக்குத் தனியாகப் பணம் வந்தது. வக்கீல் வைக்கவில்லை, சண்டை போடவில்லை. ஒரு வரி மெயில். அந்தக் கம்பெனி இன்றும் என்னிடம் வேலை தருகிறது.

#16 டோம்பிவிலி செல்வி

இவ்வளவு விவரம் வரும் என்று நினைக்கவில்லை. அப்பாவுக்கு எல்லாவற்றையும் போனில் படித்துக் காட்டினேன். வயல் பேச்சை நிறுத்திவிட்டார். ஊட்டி தம்பி சொன்னதும் மனதில் இருக்கிறது. ஒரு வருடம் அசிஸ்டன்டாக இருந்துவிட்டு, தேவைப்பட்டால் அப்புறம் படிக்கட்டும் என்று முடிவு.

தம்பி இரண்டு கேள்வி கேட்கச் சொன்னான். எப்போது வந்தால் வேலை கிடைக்கும்? வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்? புதிய கேமரா ஒன்று கடனில் வாங்கட்டுமா என்கிறான்.

#17 ஊட்டி குளிர்

அந்த முடிவு நல்லது அக்கா. வேலை பார்த்துவிட்டுப் படிக்க வந்தவர்கள்தான் எங்கள் வகுப்பில் சரியான கேள்விகளைக் கேட்டார்கள். கடன் கேமரா வேண்டாம்.

#18 தாராவி 90 அடி

கேமரா வாங்கவே வேண்டாம். இந்த ஊரில் பெரிய போட்டோகிராபர்களே தேவைக்கு வாடகைக்குத்தான் எடுக்கிறார்கள். எப்போதாவது வாங்க நேர்ந்தால் சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷனுக்கு (பழைய வி.டி.) எதிரே ஃபோர்ட் பகுதியின் போரா பஜாரில் என்னோடு வரட்டும், பழையதில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று காட்டுகிறேன்.

ஆகஸ்ட் முதல் வாரம் வரச் சொல்லுங்கள். தீபாவளி விளம்பரங்கள் எல்லாம் ஆகஸ்டிலும் செப்டம்பரிலும்தான் எடுக்கப்படும். அப்போது ஒவ்வொரு செட்டிலும் ஒரு கை கூடுதலாகத் தேவைப்படும், புதிய ஆளையும் எடுப்பார்கள். நவம்பரில் வந்தால் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

கல்யாண ஆல்பத்தைக் காட்ட வேண்டாம். வீட்டில் இருக்கும் ஒரே பொருளை, அது எண்ணெய்ப் பாட்டிலோ குத்துவிளக்கோ, பத்து விதமான வெளிச்சத்தில் எடுத்துக் கொண்டுவரட்டும். ஜன்னல், டியூப்லைட், டார்ச், எதுவானாலும் சரி. ஒவ்வொரு படத்திலும் லைட் எங்கே இருந்தது என்று பேப்பரில் வரைந்து வைக்கட்டும். நான் பார்ப்பது அந்தப் பேப்பரைத்தான்.

கறுப்பு டி-ஷர்ட் இரண்டு, சூடான லைட்டைத் தொடக் கையுறை ஒரு ஜோடி, ரப்பர் அடியுள்ள ஷூ. ஹிந்தி கொஞ்சம் பழகிக்கொள்ளட்டும், செட்டில் லைட் ஆட்கள் எல்லாரும் ஹிந்தியும் மராத்தியும்தான் பேசுவார்கள். டோம்பிவிலியிலிருந்து காலை ஏழு மணிக்கு அந்தேரி வந்து சேர வேண்டுமானால் நான்கரைக்கே எழுந்தாக வேண்டும், அதையும் சொல்லி வையுங்கள். எனக்குத் தனிச்செய்தி அனுப்பச் சொல்லுங்கள், பேசிக்கொள்கிறோம். கூலி முதல் நாளிலிருந்தே உண்டு.